ஒரு பவர் பாங்கும் ஒரு மையவாடியும்

(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனால் இந்தப் பேச்சை எழுதியது வகுப்பு முழுவதும். வட்ஸ்அப் குழுவில் மூன்று கிழமை வாதிட்டு, வெட்டி, ஒட்டி, ஒருவரோடொருவர் கோபித்து, பிறகு சமாதானமாகி எழுதினோம். ஆகவே ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம். பிழை இருந்தால் அதுவும் எங்கள் எல்லோருடையதும்தான்.

உங்கள் கையில் இருக்கும் பையைத் திறந்து பாருங்கள். மலரோடு ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதற்குள் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க் ஒன்று. அதன் முகப்பில் எங்கள் கல்லூரியின் பழைய கட்டடத்தின் படம். நூற்றாண்டு நினைவுப் பரிசுக்கு எங்கள் வகுப்பு பொறுப்பேற்றபோது சுவர்க் கடிகாரம், குடை, தண்ணீர்ப் போத்தல் என்று பல யோசனைகள் வந்தன. குடையை மறந்து பஸ்ஸில் விடுவோம், கடிகாரத்தை ஏற்கெனவே மூன்று சங்கங்கள் தந்துவிட்டன. கடைசியில் பவர் பாங்க் என்று முடிவாயிற்று.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1990 ஆனியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நாங்கள் ஆறாம் ஆண்டு. அதன்பிறகு இந்தக் கல்லூரியில் நாங்கள் படித்த பெரும்பாலான வருடங்கள் மின்சாரம் இல்லாத வருடங்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் கணக்குச் செய்தவர்கள் நாங்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். தேய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் இழுத்துப் பார்ப்போம். அதுவும் முடிந்தால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, அண்ணாமார் யாராவது இருந்து மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்துச் செய்தி கேட்போம். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைக்கும். அப்படி வளர்ந்தவர்களுக்கு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய மின்சாரம் என்பது இன்றைக்கும் ஒரு சிறிய அதிசயம்தான்.

ஒரு சின்னக் குறிப்பு. பெட்டியில் 10,000 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருக்கும். 5,000 கொள்ளும் உங்கள் போனுக்கு இரண்டு தரம் முழுதாக ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் லிதியம் கலங்களின் அழுத்தம் 3.7 வோல்ற் அளவு. போனுக்குக் கொடுக்கும்போது அது 5 வோல்ற்றாக உயர்த்தப்படுகிறது. அந்த மாற்றத்திலும், சூடாகி இழப்பதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இன்னொன்று, இதை அலுமாரியில் வைத்து மறந்தால் தானாகவே இறங்கிப் பழுதாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் போட வேண்டும்.

இனி நாங்கள் சொல்ல வந்த விடயம். இந்தப் பரிசை யோசித்தபோது எங்கள் மனதில் இருந்தது வேறொரு பவர் பாங்க். அதன் முகப்பில் இருப்பது ஒரு மையவாடியின் படம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பு ஒன்றுகூடியது. இதே வளவில், பழைய நூலகத்துக்குப் பக்கத்து அறையில். வரமுடியாத ஒருத்தி ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருக்க, போனில் சார்ஜ் இறங்கியது. உடனே ஒருத்தி தன் கைப்பையிலிருந்து பவர் பாங்கை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் மேல் ஒரு வண்ணப்படம் பதித்திருந்தது. பற்றைக்காட்டின் ஓரத்தில் செம்மண் மேடுகள் வரிசை வரிசையாக. முன்னால் இலக்கமிட்ட ஒரு கல். தூரத்தில் ஒரு வேலி.

“எடி, இதென்னடி, சுடலைப் படத்தைப் போட்டு வைச்சிருக்கிறாய்?” என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். கேட்டவள் இன்றும் அதற்கு வருந்துகிறாள். ஆனால் அவள் கேட்டிராவிட்டால் நாங்கள் ஒருவரும் கேட்டிருக்க மாட்டோம்.

“சுடலை இல்லையடி, மையவாடி. எங்கட வாப்பா அங்கதான் இருக்கிறார்” என்றாள் அவள்.

அவளுடைய பெயரைச் சொல்ல மாட்டோம். இந்தக் கதையைச் சொல்ல அனுமதி தந்தவள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அவள் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஆறாம் ஆண்டில் அவள் இரண்டாம் வாங்கில் இருந்தவள். வீடு சோனகத் தெருப் பக்கம். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த வருடம் பாடசாலை நடந்தும் நடக்காமலும் இருந்தது. குண்டு வீச்சுக்குப் பயந்து வராத நாட்களின் குறிப்புகளை நாங்கள் அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவோம். ஒக்ரோபர் கடைசியில் அவளுடைய சமூகக்கல்விக் கொப்பி எங்களிடம் இருந்தது.

1990 ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி சொன்னார்கள். நகைகளையும் பொருட்களையும் வாங்கிக்கொண்டு, உடுத்த உடையோடும் கொஞ்சப் பணத்தோடும் அனுப்பினார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். இதெல்லாம் பிறகு நாங்கள் வாசித்தும் கேட்டும் அறிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, அடுத்த நாள் இரண்டாம் வாங்கில் ஓர் இடம் காலியாக இருந்தது என்பது மட்டும்தான்.

எங்கே போனாள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. வீட்டில் கேட்டவர்களுக்கு, “உதுகளைப் பற்றிக் கதையாதை” என்று பதில் கிடைத்தது. பதினொரு வயதுப் பிள்ளைகளை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கதையாமல் இருக்கப் பழகியது அன்றுதான் என்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டோம். அந்த இரவு மழையில், நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடி வைத்துத் தென்மராட்சிக்கு நடந்த கூட்டத்தில் உங்களில் பலரும் இருந்திருப்பீர்கள். அவளுடைய கொப்பி எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது. திரும்பி வந்தபோது மேசையும் இல்லை, கொப்பியும் இல்லை. 1990இல் அவளுக்கு என்ன நடந்தது என்பதை எங்கள் கால்கள் விளங்கிக்கொண்டது அந்தப் பாலத்தில்தான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. எங்களுக்குத் திரும்பி வர ஆறு மாதம் எடுத்தது. அவளுக்கு இந்த வளவுக்குள் மீண்டும் கால் வைக்க முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

அவளுடைய குடும்பம் புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் தொடங்கியது. அவள் அங்கே படித்து, திருமணமாகி, பிள்ளைகளைப் பெற்று, ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறாள். எங்கள் குழுவில் யாரோ ஒருத்தி அவளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தபோது, அவள் எழுதிய முதல் வரி, “என்ர சமூகக்கல்விக் கொப்பி எங்க?” என்பது.

இப்போது 2020க்கு வருகிறோம். எங்கள் வகுப்பில் வைத்தியர்களானவர்கள் நான்கு பேர். இனி வரும் பகுதி அந்த நால்வருடைய கணக்கு.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்தால் கிருமி நிலத்தடி நீரில் கலக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது காரணமாகாது என்பது வைத்தியக் கல்லூரியில் படித்த எவருக்கும் தெரியும். கொவிட் மூச்சுவழி பரவும் நோய். அதன் வைரஸ் உயிருள்ள கலங்களுக்குள் மட்டுமே பெருகும், உயிர் போன உடலில் பெருகாது, நாட்செல்ல அழிந்துபோகும். வாந்திபேதிக் கிருமியைப் போலத் தண்ணீரில் தங்கி வாழும் வகையுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே, எரிக்கவும் செய்யலாம், அடக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டி வெளியிட்டிருந்தது.

நாங்கள் நால்வரும் வெவ்வேறு வைத்தியசாலைகளில் கடமையில் இருந்தோம். தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்புக்குள் வியர்வையில் நனைந்தபடி, இறந்தவரின் மகனிடமோ மனைவியிடமோ நாங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. “வாப்பாவை எங்களிட்டத் தாங்கோ டொக்டர், நாங்கள் ஆழமா வெட்டி அடக்குவம், சீமெந்து போடச் சொன்னாலும் போடுறம்” என்று ஒரு பையன் கையைக் கும்பிட்டுக் கேட்டான். “சட்டம் அப்படித் தம்பி” என்றோம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவன் கேட்டது சட்டத்தை அல்ல. அந்தச் சட்டத்தில் மருத்துவம் இருக்கிறதா என்பதைத்தான் அவன் எங்கள் முகத்தில் தேடினான். எங்கள் முகம் மூடியிருந்தது.

2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் படத்தை எங்கள் குழுவில் பகிர்ந்து அழுதோம். அழுததோடு நின்றோம். அரச ஊழியர் ஊடகத்துக்குப் பேசக்கூடாது என்று தாபன விதிக்கோவை சொல்கிறது என்பது எங்கள் நியாயம். சங்கங்களுக்குக் கடிதம் எழுத எந்த விதிக்கோவையும் தடை சொல்லவில்லை. அதையும் நாங்கள் எழுதவில்லை. எழுதிய வைத்தியர்கள் இருந்தார்கள். 2021 பிறந்தபோது இலங்கை மருத்துவச் சங்கமும், சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும், அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களுக்கு எங்கள் மரியாதை.

நாங்கள் ஏன் பேசவில்லை என்று பிறகு எங்களையே கேட்டுப் பார்த்தோம். பயம் ஒரு காரணம். அதைவிடக் கசப்பான காரணம் ஒன்று உண்டு. எங்களில் பெரும்பாலானோர் எரிக்கும் வழக்கமுடையவர்கள். அந்தச் சட்டம் எங்கள் வீட்டுப் படலையைத் தட்டவில்லை. சேமக்காலையில் அடக்கம் செய்யும் எங்கள் கத்தோலிக்கத் தோழிகள் இருவருக்கு அது வலித்தது, அவர்கள் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது செய்தியாக இருந்தது.

ஆனால் எங்களுக்குத் தெரியாதா? காடாற்றி, சாம்பல் எடுத்துக் கீரிமலையில் கரைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யாவிட்டால் மனம் ஆறாத மக்கள் நாங்கள். கீரிமலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த வருடங்களில், அங்கே போக முடியாமல் வேறு கடலில் கரைத்துவிட்டு வந்த ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குறை பேசப்பட்டது. இறந்தவரை அவருடைய முறைப்படி அனுப்பக் கிடைக்காத வீடு எப்படி இருக்கும் என்பது இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2021 பெப்ரவரி கடைசியில் சட்டம் மாற்றப்பட்டது. அடக்கம் செய்யலாம், ஆனால் விரும்பிய இடத்தில் அல்ல. முதலில் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு என்றார்கள். நீண்ட இடப்பெயர்வுக்குப் பின் ஊர் திரும்பியிருந்த கடற்றொழிலாளர் குடும்பங்கள் அதை எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகர் என்று தீர்மானமாயிற்று. 2021 மார்ச் 5ஆம் திகதி அங்கே முதல் அடக்கம் நடந்தது. கொழும்பில் இறந்தாலும் புத்தளத்தில் இறந்தாலும் கண்டியில் இறந்தாலும் அங்கேதான். ஒரு வருடத்தில் 3,600க்கு மேற்பட்டவர்கள் அந்த மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், அவர்களோடு கிறிஸ்தவர்களும் இந்துக்களும் பௌத்தர்களும் அங்கே இருக்கிறார்கள். 2022 மார்ச்சில்தான் அவரவர் ஊரில் அடக்கம் செய்யலாம் என்று ஆயிற்று.

அவளுடைய வாப்பா 2021 ஆவணியில் இறந்தார். டெல்ரா அலையில் நாடு முழுவதும் கட்டில் இல்லாமல் திணறிய மாதம் அது. யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த மனிதர். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை இழந்தவர். “மௌத்தானால் ஊரிலதான் அடக்கோணும்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். ஊர் என்றால் அவருக்குச் சோனகத் தெரு. அவர் இறந்தபோது வீடு முழுவதும் தனிமைப்படுத்தலில். புத்தளம், அனுராதபுரம், பொலன்னறுவை, மட்டக்களப்பு என்று நான்கு மாவட்டத்து வீதியில் அவர் தனியாகப் போனார். அவரை ஒருநாளும் கண்டிராத ஓட்டமாவடிப் பையன்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தி, அடக்கி, ஒரு படம் எடுத்து, இலக்கத்தையும் எழுதி அவளுடைய போனுக்கு அனுப்பினார்கள். “அவங்கள் இல்லையெண்டால் எங்களுக்கு ஒண்டுமே இல்லை” என்கிறாள் அவள்.

உம்மாவின் இத்தாக் காலம் முடிந்து, அடுத்த வருடம் மார்ச் கடைசியில் மகனைக் கூட்டிக்கொண்டு முதன்முறை புறப்பட்டாள். அந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிபொருளுக்கு வரிசை. வழியில் இரண்டு இடத்தில் வரிசையில் நின்று வான் போய்ச் சேரப் பொழுது சாயும் நேரம். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அவள் வேலியோடு நிற்க, மகன் போனைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். படமும் இலக்கமும் அந்தப் போனுக்குள். முதல் நாள் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. மகன் நான்கு வரிசை தாண்டுவதற்குள் போன் செத்துவிட்டது.

ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி மேடுகள். இலக்கம் மனதில் சரியாக இல்லை. இருட்டுகிறது, யானை வரும் பக்கம், நிற்க வேண்டாம் என்று வழியில் போனவர் சொல்லிவிட்டுப் போகிறார். “உம்மா, கண்டுபிடிக்க ஏலாமக் கிடக்கு” என்று மகன் திரும்பி வந்தான். “அப்ப எல்லாருக்கும் சேர்த்து ஓது மகன்” என்றாள். அந்த மண்ணில் கிடந்த எல்லோருக்காகவும் துஆ செய்துவிட்டு, அன்றிரவே திரும்பினார்கள்.

மறுமுறை போகும்போது பவர் பாங்க் வாங்கிக்கொண்டு போனார்கள். மகன் இடத்தைக் கண்டுபிடித்தான். கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்து ஒரு படம் எடுத்தான். ஊருக்கு வந்ததும், கோப்பையிலும் ரீசேட்டிலும் படம் பதிக்கும் கடைக்கு அந்தப் பவர் பாங்கைக் கொண்டுபோனான். கடைக்காரர் பிறந்தநாள் படம், கலியாணப் படம், கிரிக்கெட்காரரின் படம் எல்லாம் பதித்தவர். இதைப் பார்த்ததும், “இதையா தம்பி?” என்று இரண்டு முறை கேட்டாராம். “இனிமேல் போன் செத்தாலும் இடம் தெரியும்” என்றானாம் பிள்ளை.

இதையெல்லாம் அவள் எங்கள் ஒன்றுகூடலில், ரொறன்ரோக்காரியின் முகம் திரையில் அசையாமல் இருக்க, சாதாரணக் குரலில் சொன்னாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. எங்கள் நால்வரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நீங்கள் டொக்டர்மார். தண்ணிக்குள்ள கிருமி போகும் எண்டது உண்மையோ?”

“இல்லை” என்றோம்.

“அப்பவும் தெரியுமோ?”

“தெரியும்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். அவ்வளவுதான்.

2024 யூலையில், அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்பது என்று அமைச்சரவை தீர்மானித்தது. நல்லது. ஆனால் அமைச்சரவையின் மன்னிப்புக்குள் எங்கள் மன்னிப்பு அடங்காது. அதற்கு முன்பே, நாங்கள் ஐந்து பேர் அவளோடு ஓட்டமாவடிக்குப் போனோம். நால்வரும் வைத்தியர்கள், ஐந்தாமவள் அந்தச் சுடலைக் கேள்வி கேட்டவள். புத்தளத்தில் அவளை ஏற்றி, அனுராதபுரத்தில் காலைச் சாப்பாடு, ஹபரணை தாண்டி, பொலன்னறுவை தாண்டி, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க ஆறாம் ஆண்டுக் கதைகள். அங்கே போனதும் பேச்சு நின்றது.

மகன் உள்ளே போனான். நாங்கள் அவளோடு வேலியருகே நின்றோம். சுற்றிவரப் பற்றைக்காடு, வெயில், காற்று. அவள் ஓதினாள். எங்களுக்கு ஓதத் தெரியாது. தெரிந்ததைச் செய்தோம், கைகட்டி நின்றோம். அப்போதுதான் அந்தப் பவர் பாங்கை வாங்கி மீண்டும் பார்த்தோம். படத்தில் தூரத்து வேலியோடு ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அது அச்சுப் பிழை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது அவள். மகன் கல்லருகே இருந்து எடுத்த படத்தில், வாப்பாவுக்கு முன்னால், வேலிக்கு அப்பால், அவள் நிற்கிறாள். நாங்கள் இப்போது நின்ற அதே இடத்தில்.

திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: “வாப்பாவை ஊருக்குக் கொண்டுவர ஏலாது. எனக்கு இப்ப அந்த ஆசையும் இல்லை. ஆனால் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனான் எண்டதுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் என்னட்ட இல்லையடி.”

அதனால்தான் இந்தப் பேச்சு. நூற்றாண்டுக்காகப் பழைய மாணவியர் விபரம் தொகுத்தபோது, இடப்பெயர்விலும் தப்பிய சேர்வு இடாப்பைப் பார்க்க அதிபர் எங்களுக்கு அனுமதி தந்தார். அவளுடைய பெயர் இருக்கிறது. தந்தையின் பெயரும் தெருவின் பெயரும் இருக்கின்றன. கடைசி நிரலில், விலகியதற்கான காரணம் என்ற இடத்தில், ‘வரவில்லை’ என்று ஒரு சொல். அந்தப் பக்கத்திலும் அடுத்த பக்கங்களிலும் அதே சொல்லோடு இன்னும் சில பெயர்கள். அந்தப் பிள்ளைகளையும் எங்களுக்குத் தெரியும். ஒருத்தி எங்களுக்கு ஒரு வகுப்பு மேல், வலைப்பந்து விளையாடினவள்.

எங்கள் சங்கத்தின் யாப்பின்படி அங்கத்தவராக விடுகைப் பத்திரத்தின் பிரதி வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்ட பிள்ளை, பாடசாலைக்கு வந்து விண்ணப்பம் எழுதி விடுகைப் பத்திரம் வாங்கியிருக்க முடியாது. எனவே எங்கள் வகுப்பு மூன்று விடயங்களைத் தாழ்மையோடு கேட்கிறது.

முதலாவது, 1990இல் அவ்வாறு போன பிள்ளைகளுக்கு, சேர்வு இடாப்பில் பெயர் இருப்பதையே சான்றாக ஏற்று அங்கத்துவம் கொடுங்கள். அதற்கு ஒரு பொதுக்கூட்டத் தீர்மானம் போதும்.

இரண்டாவது, அதிபர் அவர்களிடம். அந்த ‘வரவில்லை’ என்ற சொல்லை அழிக்க வேண்டாம். எழுதிய ஆசிரியைக்கு அன்று வேறு எதையும் எழுதத் துணிவு இருந்திராது. அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் உண்மையான காரணத்தையும் திகதியையும், இன்றைய திகதியிட்டு, உங்கள் கையொப்பத்தோடு எழுதுவிக்க முடியுமா என்று கேட்கிறோம்.

மூன்றாவது, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம். உங்களில் சிலர் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறீர்கள். வைத்தியராக வருவீர்கள். ஒருநாள் உங்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்துக்கு எதிராக ஒரு சட்டம் வரும். அது உங்கள் வீட்டைத் தொடாததாகவும் இருக்கும். வீதியில் இறங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, அதற்கு எங்களுக்குத் தகுதியும் இல்லை. தெரிந்ததை எழுதிக் கையொப்பமிட்டு, உரிய இடத்துக்கு ஒரு கடிதமாவது அனுப்புங்கள். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தால் ஒரு பக்கம் வந்திருக்கும். அதை எழுத ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணித்தியாலம் எங்களிடம் இருந்தது.

பவர் பாங்குக்குக் கல்லூரிப் படத்தைத் தெரிவு செய்தபோது அவளிடமும் காட்டினோம். “நல்லா இருக்கு, அந்த மாமரமும் விழுந்திருக்கு” என்றாள். பிறகு, “எனக்கும் ஒண்டு கிடைக்குமோ, அங்கத்தவருக்கு மட்டுமோ?” என்று பகிடியாகக் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடிய ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

செயலாளர் அவர்களே, எங்கள் வகுப்பு ஓர் அங்கத்துவப் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறது. பெயர், விலாசம், படித்த ஆண்டுகள், சந்தாப் பணம் எல்லாம் சரியாக இருக்கின்றன. முன்மொழிபவர், வழிமொழிபவர் என்ற இடங்களில் வகுப்பு முழுவதும் ஒப்பமிட்டதால் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், மன்னிக்க வேண்டும். விடுகைப் பத்திரம் இணைக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதை அப்படியே இந்த மேடையில் உங்களிடம் கையளிக்கிறோம்.